'ஆறு மாசம் தாண்டிட்டா போதும்!' - மெடிக்கல் ரெப் வேலையில் புரொபேஷன் பிரஷரைச் சமாளிப்பது எப்படி?

மாலை 7 மணி. காய்ச்சலோடு டாக்டர் கிளினிக்கில் உட்கார்ந்திருக்கிறீர்கள். டோக்கன் நம்பர் 23. சுவரோரமாக ஓர் இளைஞர் நிற்கிறார். இன் பண்ணிய சட்டை, பாலிஷ் போட்ட ஷூ, தோளை இழுக்கும் கறுப்புப் பை. 'இவர் வேற நடுவுல உள்ளே போயிடுவாரோ' என்று நமக்குக் கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருக்கும். அவர் உள்ளே போகிறார். ஒரே நிமிடத்தில் வெளியே வந்துவிடுகிறார்.

அந்த ஒரு நிமிடத்துக்காக ஒன்றரை மணி நேரம் நின்றிருக்கிறார் என்பது நமக்குத் தெரியாது. வேலையில் சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகிறது, இன்னும் இரண்டு மாதத்தில் 'கன்ஃபர்மேஷன்' வருமா, வராதா என்று தெரியாமல் ராத்திரி தூக்கம் வராமல் புரள்கிறார் என்பதும் தெரியாது.

பி.எஸ்ஸி., பி.ஃபார்ம் என்று படித்துவிட்டு வரும் பிள்ளைகளுக்கு, சின்ன ஊரில் இருந்தபடியே கௌரவமான சம்பளம் தரும் வேலைகளில் ஒன்று மெடிக்கல் ரெப். மும்பையிலோ அகமதாபாத்திலோ இரண்டு மூன்று வாரம் பயிற்சி. உடற்கூறு, மருந்தியல், தினமும் தேர்வு. அதுவரை கல்லூரி நாள்கள் போலத்தான். திரும்பி வந்து டாக்டர் லிஸ்ட்டையும் டார்கெட்டையும் கையில் வாங்கும்போதுதான், ஆர்டரில் இருந்த 'ஆறு மாதம் தகுதிகாண் பருவம்' என்ற வரிக்கு அர்த்தம் புரியும்.

பெரும்பாலான நிறுவனங்களில் ஒரு நாளைக்கு 10 முதல் 12 டாக்டர்களைப் பார்க்க வேண்டும். கூடவே மருந்துக் கடைகள், ஸ்டாக்கிஸ்ட். மாதம் 24 வேலைநாள் என்று வைத்துக்கொண்டால் ஆறு மாதத்தில் ஏறக்குறைய 1,500 டாக்டர் சந்திப்புகள். இதில் பலவற்றில் 'அடுத்த தடவை பார்க்கலாம்பா' என்ற பதில்தான் கிடைக்கும்.

இந்த வேலைக்கு வருகிற பலர் முதல் வருடத்திலேயே வெளியேறுவதற்கு உழைப்பின்மை காரணமில்லை. தங்கள் நம்பர் எங்கிருந்து வருகிறது என்பதை யாரும் அவர்களுக்கு உட்கார்ந்து சொல்லித் தருவதில்லை. அதனால், தங்கள் கையில் இல்லாத ஒன்றுக்காகத் தங்களையே நொந்துகொள்கிறார்கள்.

நம்பர் எங்கே பிறக்கிறது?

சோப்பு விற்பவர் கடைக்காரரிடம் ஆர்டர் எடுத்தால் அன்றைக்கே கணக்கில் ஏறிவிடும். மருந்து அப்படியில்லை. டாக்டர் சீட்டில் எழுத வேண்டும். நோயாளி பக்கத்துக் கடையில் வாங்க வேண்டும். கடையில் சரக்கு தீர்ந்ததும் ஸ்டாக்கிஸ்ட்டிடம் கேட்பார்கள். ஸ்டாக்கிஸ்ட்டிடம் குறைந்த பிறகுதான் கம்பெனிக்கு ஆர்டர் போகும். டாக்டரின் பேனாவில் தொடங்கியது உங்கள் விற்பனைக் கணக்கில் வந்து விழ ஒன்றிரண்டு மாதம் ஆகிவிடும்.

அப்படியானால், முதல் மாத விற்பனை என்பது யாருடையது? உங்களுக்கு முன்பு அந்த ஏரியாவில் இருந்தவருடையது. அவர் வேலையை விட்டுப்போய் இரண்டு மாதம் ஏரியா காலியாகக் கிடந்திருந்தால், அந்தச் சரிவும் உங்கள் பெயரில்தான் எழுதப்படும். நன்றாக ஓடிய ஏரியா கிடைத்தவர் ஒன்றும் செய்யாமலே முதல் இரண்டு மாதம் வாட்ஸ்அப் குரூப்பில் கைதட்டல் வாங்குவார். இருவரும் ஒரே பேட்ச், ஒரே பயிற்சி. பட்டியலில் மட்டும் ஒருவர் மேலே, ஒருவர் கீழே.

எனவே வேலையில் சேர்ந்த முதல் வாரமே ஒரு காரியம் செய்துவிடுங்கள். கடந்த 12 மாதத்தில் உங்கள் ஏரியாவில் எந்த மருந்து எவ்வளவு போனது என்ற கணக்கைக் கேட்டு வாங்கி, ஒரு நோட்டில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். மேனேஜரிடம் கேட்கலாம், ஸ்டாக்கிஸ்ட்டிடமும் இருக்கும். சும்மா ஒரு கணக்குக்குச் சொல்கிறேன்: உங்கள் மாத டார்கெட் 3 லட்சம் ரூபாய். நீங்கள் சேர்ந்தபோது உண்மையில் நடந்துகொண்டிருந்தது 1.8 லட்சம். நான்காவது மாதம் 2.4 லட்சம் செய்துவிட்டீர்கள். டார்கெட்டை மட்டும் பார்த்தால் 80 சதவிகிதம், அதாவது தோல்வி. தொடங்கிய இடத்தை வைத்துப் பார்த்தால் மூன்றில் ஒரு பங்கு வளர்ச்சி. ரிவ்யூ மீட்டிங்கில் இந்த இரண்டாவது கணக்கைச் சொல்ல உங்களைத் தவிர வேறு ஆளில்லை. எழுதிவைக்காதவரால் அதைச் சொல்லவும் முடியாது.

எந்த டிவிஷனில் இருக்கிறீர்கள் என்பதும் முக்கியம். காய்ச்சல், சளி, ஆன்டிபயாடிக் போன்ற மருந்துகள் மழைக்காலத்தில் பறக்கும். வெயில் காலத்தில் படுக்கும். பிப்ரவரியில் சேர்ந்து ஜூலையில் புரொபேஷன் முடிகிறவருக்கு ஐப்பசி, கார்த்திகை மழையே கிடைக்காது. சர்க்கரை, ரத்த அழுத்த மருந்துகளின் கதை வேறு. நன்றாக இருக்கும் நோயாளிக்கு டாக்டர் மாத்திரையை மாற்றமாட்டார். புது நோயாளிக்குத்தான் உங்களுடையதை எழுதிப்பார்ப்பார். மெதுவாகத்தான் ஏறும். ஆனால், ஒருமுறை ஏறினால் மாதாமாதம் வந்துகொண்டே இருக்கும். சர்க்கரை டிவிஷனில் இருப்பவர், ஆன்டிபயாடிக் டிவிஷன் நண்பரின் மூன்றாவது மாத நம்பரைப் பார்த்துக் கலங்குவதில் நியாயமே இல்லை.

இன்னொரு கணக்கும் கற்றுக்கொள்ள வேண்டும். ஸ்டாக்கிஸ்ட்டிடம் மாத ஆரம்பத்தில் 100 ஸ்ட்ரிப் இருந்தது. கம்பெனியிலிருந்து 300 வாங்கினார். மாதக் கடைசியில் 250 மீதம். அப்படியானால் உண்மையில் கடைகளுக்குப் போனது 150 மட்டுமே. கம்பெனி பார்வையில் விற்பனை 300. உங்கள் ஏரியாவின் உண்மை 150. முதல் எண்ணை 'பிரைமரி' என்பார்கள், இரண்டாவதை 'செகண்டரி'. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியில்தான் புதிதாகச் சேர்ந்தவர்கள் விழுகிறார்கள்.

28-ம் தேதி ராத்திரி

மாதக் கடைசி என்றாலே ரெப்புகளின் போன் சூடாகிவிடும். "இன்னும் நாற்பதாயிரம் வேணும். எப்படியாவது போடு" என்று மேலிருந்து அழுத்தம் வரும். ஸ்டாக்கிஸ்ட்டிடம் கெஞ்சி, தேவையில்லாத சரக்கை இறக்கச்சொல்வது நடக்கும். ஒரு மாதம் தப்பிக்கலாம். அடுத்த மாதம் அவர் ஆர்டரே போடமாட்டார். ஏற்கெனவே இறக்கியது குடோனில் கிடக்கும். நாள் போய் காலாவதியானால் திரும்ப வரும். திரும்ப வந்த சரக்கின் மதிப்பு உங்கள் விற்பனையிலிருந்தே கழியும். மூன்றாவது மாதம் இறக்கியதன் வலி, மிகச் சரியாக ஆறாவது மாதம், கன்ஃபர்மேஷன் நேரத்தில் வந்து நிற்பதும் உண்டு.

இதைவிட ஆபத்தானது, சொந்தப் பணத்தைப் போடுவது. 'பத்தாயிரம் ரூபாய் சரக்கை நானே எடுத்துக்கறேன், அப்புறம் கடைகளுக்குத் தள்ளிடலாம்' என்று ஆரம்பிப்பார்கள். வீட்டில் கேட்க வெட்கப்பட்டு, லோன் ஆப்பில் கடன் வாங்கியாவது போடுவார்கள். சரக்கு கட்டிலுக்கு அடியில் கிடக்கும். வட்டி ஓடும். அடுத்த மாதம் மேனேஜர் எதிர்பார்ப்பதோ, இந்த மாதத்தைவிட அதிகமாக! இது சம்பளத்தைக் கொடுத்து வேலையைத் தக்கவைத்துக்கொள்வது. அப்படிப் பிழைத்துக்கிடக்கும் வேலை நிரந்தரமானால், அந்தப் பழக்கமும் நிரந்தரமாகும். எவ்வளவு நல்ல கம்பெனியாக இருந்தாலும், எவ்வளவு பிரியமான மேனேஜர் சொன்னாலும், இதற்கு மட்டும் பதில் 'முடியாது சார்'தான்.

பார்க்காத டாக்டரைப் பார்த்ததாக தினசரி ரிப்போர்ட்டில் போடுவதும் இதே வகை. இப்போது பெரும்பாலும் எல்லாமே மொபைல் ஆப், லொகேஷனோடு பதிவாகிறது. விற்பனை குறைந்ததற்காக வேலை போனால் அடுத்த கம்பெனியில் சொல்லிக்கொள்ளலாம். பொய் ரிப்போர்ட்டுக்காகப் போனால் என்ன சொல்வீர்கள்? இத்தனைக்கும், அன்றைக்கு மழையால் ஐந்து டாக்டரைத்தான் பார்க்க முடிந்தது என்று உள்ளதை எழுதினால், பெரும்பாலும் ஒரு திட்டோடு முடிந்துபோகும் விஷயம் இது.

பரிசுப் பொருள் விவகாரமும் இப்படித்தான். டாக்டருக்கு ஏதாவது 'செய்தால்'தான் எழுதுவார் என்று சீனியர்கள் சொல்லக்கூடும். மத்திய அரசின் மருந்துத் துறை 2024 மார்ச்சில் வெளியிட்ட மருந்து விற்பனை நடத்தை விதிகள், டாக்டருக்கோ அவர் குடும்பத்தினருக்கோ சொந்தப் பயன்பாட்டுக்கான பரிசு தருவதைத் தடை செய்கின்றன. சாம்பிளுக்கும் வரம்பு உண்டு. ஒரு மருந்தில் ஒரு டாக்டருக்கு வருடத்துக்கு 12 பாக்கெட்தான். டாக்டரைச் சந்திப்பதற்காக எந்த வடிவிலும் பணம் கொடுக்கக் கூடாது என்றும் அதில் இருக்கிறது. ரெப் செய்யும் தவறுக்குக் கம்பெனியே பொறுப்பு என்பதால், 'நீயே பார்த்துக்கோ' என்று வாய்வழியாக யாராவது சொன்னால், "சார், இதை மெயில்ல போட்டுடுங்களேன்" என்று பணிவாகக் கேட்டுப்பாருங்கள். பெரும்பாலும் மெயில் வராது.

கதவுக்கு வெளியே

நம்பரைப் புரிந்துகொண்டாலும், கதவுக்கு வெளியே நிற்கும் வலி போகாது. கல்லூரியில் முதல் பெஞ்ச், வீட்டில் செல்லப்பிள்ளை. இங்கே ரிசப்ஷனில் இருக்கும் அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "இன்னிக்கு ரெப் கிடையாது" என்பார். உள்ளே போனால் டாக்டர் செல்போனைப் பார்த்தபடியே தலையாட்டுவார். நோயாளிகள் முன்னால் "வெளியே நில்லுங்க" என்ற குரல் கேட்கும். முதல் மாதத்தில் முகம் சுருங்காமல் இருந்தால்தான் ஆச்சர்யம்.

டாக்டர் பக்கமும் யோசியுங்கள். வெளியே 40 நோயாளிகள். ஒரே நாளில் அவரைப் பார்க்க எத்தனையோ கம்பெனி ரெப்புகள். நீங்கள் ஐந்து மருந்தையும் ஒப்பித்தால் ஒன்றுகூட அவர் மனதில் நிற்காது. ஒரு சந்திப்புக்கு ஒரு மருந்து, ஒரு விஷயம், முடிந்தால் ஒரு கேள்வி. 'இந்த மாத்திரை ராத்திரி சாப்பிடச்சொல்றீங்களா, காலையிலயா சார்?' என்று கேட்டால் அவர் பதில் சொல்வார். அவர் பேச ஆரம்பித்தால் உங்கள் ஒரு நிமிடம் இரண்டாகும். தெரியாததை அவர் கேட்டால், 'செக் பண்ணிட்டு வர்றேன் சார்' என்று சொல்லி, அடுத்த முறை சரியான பதிலோடு போய் நில்லுங்கள். அந்த இரண்டாவது வருகைதான் உங்களை மற்ற ரெப்புகளிடமிருந்து பிரித்துக்காட்டும்.

கிளினிக்குக்குள் போவதற்கு முன், பக்கத்து மருந்துக் கடையில் ஐந்து நிமிடம் நில்லுங்கள். அந்த டாக்டர் எதை எழுதுகிறார், எந்தக் கம்பெனி மருந்து ஓடுகிறது என்பதெல்லாம் கடைக்காரருக்கு அத்துப்படி. 'அவர் அந்தச் சிரப் பக்கமே போகமாட்டார் தம்பி, வீணா பேசாதே' என்று ஒருவர் சொன்னால், ஆறு மாத அலைச்சல் மிச்சம். ஒரு டீ வாங்கிக் கொடுத்து, அவர் பையனின் ப்ளஸ் டூ மார்க்கை விசாரிக்கத் தெரிந்த ரெப்புக்குக் கிடைக்கும் தகவல், எந்தப் பயிற்சி வகுப்பிலும் கிடைக்காது. ரிசப்ஷன் அக்காவும் அப்படித்தான். பெயர் சொல்லி வணக்கம் வைப்பவர்களை அவர் மறப்பதில்லை.

மனதுக்கு ஒரு சின்ன வழி: தினமும் ராத்திரி நோட்டில் விற்பனையை எழுதாதீர்கள். உங்கள் கையில் இருந்தது எது என்பதை மட்டும் எழுதுங்கள். எத்தனை டாக்டரைப் பார்த்தேன், யார் முகம் பார்த்துப் பேசினார், யாருக்கு என்ன பதில் பாக்கி, எந்தக் கடையில் சரக்கு இல்லை. விற்பனை நம்பர் மாதத்துக்கு ஒருமுறை வரும். அதைத் தினம் நினைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை. டாக்டர் பட்டியலில் யாரையும் விடாமல், முக்கியமானவர்களை மாதம் இருமுறை பார்த்திருக்கிறீர்களா என்பது முழுக்க உங்கள் கட்டுப்பாட்டில் இருப்பது. கன்ஃபர்மேஷன் ரிவ்யூவில் பல மேனேஜர்கள் முதலில் புரட்டுவதும் அந்தப் பக்கத்தைத்தான்.

மேனேஜர் என்ற மனிதர்

ஏரியா மேனேஜர் மாதத்தில் சில நாள்கள் கூடவே பைக்கில் வருவார். அந்த நாள்களில் வயிறு கலங்காத புது ரெப் கிடையாது. அவருக்கும் மேலே ஒருவர் இருக்கிறார், அவருக்கும் ஒரு டார்கெட் இருக்கிறது. ஓர் ஏரியாவுக்கு ஆள் எடுத்து, பயிற்சிக்கு அனுப்பி, ஆறு மாதத்தில் அவர் போய்விட்டால், காலி ஏரியாவின் சரிவு மேனேஜர் தலையிலும்தான் விழும். உங்களை அனுப்புவதில் அவருக்கு லாபம் குறைவு.

எனவே, ஐந்தாவது மாதம் வரை காத்திருக்க வேண்டாம். இரண்டாவது மாத முடிவிலேயே கேட்டுவிடுங்கள். "சார், கன்ஃபர்மேஷனுக்கு என்னென்ன பார்ப்பாங்க? விற்பனை எத்தனை சதவிகிதம், கால் ஆவரேஜ் எவ்வளவு, வேற என்ன?" அவர் சொன்னதை அன்று மாலையே ஒரு மெயிலாக, 'நீங்கள் சொன்னபடி...' என்று எழுதி அனுப்பிவையுங்கள். அளவுகோல் தெரியாமல் இருப்பதுதான் பாதி பயம்.

மோசமான மாதத்தைச் சொல்லவும் ஒரு முறை இருக்கிறது. 'மார்க்கெட் டல் சார்' என்பது யாரும் கேட்டுச் சலித்த பதில். "சார், 60 ஆயிரம் குறையுது. அதுல 35 ஆயிரம் அந்த பீடியாட்ரிஷியன் மூணு வாரம் லீவ்ல போனதால. அடுத்த மாசம் முதல் வாரம் அவரைப் பார்க்கிறேன். மீதி 25 ஆயிரத்துக்கு ரெண்டு கடையில சரக்கே இல்லை, நேத்து போட வெச்சிருக்கேன்" என்று சொல்லிப்பாருங்கள். நம்பர் அதேதான். கேட்பவருக்கு உங்கள் மேல் இருக்கும் நம்பிக்கை மாறிவிடும்.

ராத்திரி 9 மணி கான்ஃபரன்ஸ் காலில் பெயர் சொல்லித் திட்டுவதும், குரூப்பில் கடைசி ஐந்து பேர் பட்டியலைச் சிவப்பில் போடுவதும் பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. இது தவறான நிர்வாகம் என்பதே என் கருத்து. கூச்சத்தால் விற்பனை ஏறுவதாக இருந்தால், அந்தப் பட்டியலில் மாதாமாதம் அதே பெயர்கள் இருக்காது அல்லவா?

பையும் பர்ஸும்

பெட்ரோல், பஸ், லாட்ஜ் என எல்லாவற்றையும் முதலில் நீங்கள் செலவழிக்க வேண்டும். எக்ஸ்பென்ஸ் ஸ்டேட்மென்ட் போட்டு, அது பாஸாகி, பணம் வர அடுத்த மாதம் ஆகும். அதனால் முதல் இரண்டு மாதம் கையில் காசு இல்லாமல் திண்டாடுவார்கள். வேலையில் சேரும் முன்பே ஒரு மாதச் செலவுக்கான பணத்தை ஒதுக்கிவைத்துக்கொள்வது நல்லது. பில் ஒவ்வொன்றையும் அன்றைக்கே போட்டோ எடுத்துவிடுங்கள். கன்ஃபர்மேஷன் வரும்வரை புது பைக், புது போன் என இ.எம்.ஐ எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். மாதம் 6,000 ரூபாய் தவணை இருக்கும்போது, தவறான உத்தரவுக்கு 'முடியாது சார்' என்று சொல்லும் தைரியம் குறைந்துவிடும்.

சாப்பாட்டு விஷயத்தில் ரெப்புகள் எல்லோருமே மோசம். பகல் மூன்று மணிக்குப் பரோட்டா, நடுவில் ஏழு டீ. வயிற்றெரிச்சல் மாத்திரை விற்றுக்கொண்டே அதையே சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள்! மதியம் ஒன்றரையிலிருந்து மாலை கிளினிக் திறக்கும்வரை கிடைக்கும் இடைவெளி இந்த வேலையில் ஒரு வரம். சாப்பிட்டு, கொஞ்ச நேரம் கண்ணயர்ந்துவிட்டுக் கிளம்புங்கள். ஹெல்மெட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது இந்த வேலைக்குப் பெண்களும் நிறைய வருகிறார்கள். அவர்களுக்குக் கூடுதல் சிரமங்கள் இருக்கின்றன. ராத்திரி 9 மணி கிளினிக், வெளியூர் தங்கல், வழியில் ஒரு நல்ல கழிப்பறை கிடைக்காதது. இதில் ஒன்றை உறுதியாகத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். 2013-ம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தில், வேலை நிமித்தமாகச் செல்லும் எந்த இடமும் பணியிடம்தான். கிளினிக்கும், மேனேஜருடன் போகும் காரும் அதில் அடக்கம். புரொபேஷனில் இருப்பவர்களையும், பயிற்சியில் இருப்பவர்களையும் 'பணியாளர்' என்றே அந்தச் சட்டம் சொல்கிறது. சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் உள்ளகக் குழுவிடம் எழுத்துபூர்வமாகப் புகார் கொடுக்கலாம். 'இன்னும் கன்ஃபர்ம் ஆகலை, இப்போ வாய் திறந்தா வேலை போயிடும்' என்ற மிரட்டலுக்குப் பணிய வேண்டியதில்லை.

வீட்டில் இருப்பவர்களுக்கு

பிள்ளை ராத்திரி 10 மணிக்கு ஷூவைக் கழற்றும்போதே, "இந்த மாசம் டார்கெட் முடிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள். காலையிலிருந்து அந்தக் கேள்வியை நான்கு பேர் கேட்டுவிட்டார்கள். "சாப்பிட்டியா?" போதும். 'மாமா பையன் ஐ.டி-யில உட்கார்ந்த இடத்துல சம்பாதிக்கிறான்' என்ற ஒப்பீடும் வேண்டாம். பெண் பார்க்கும் படலத்தில் "வேலை பெர்மனன்ட் ஆயிடுச்சா?" என்று எதிர்த்தரப்பு கேட்கத்தான் செய்யும். "ஆறு மாசத்துல தெரியும்" என்று உள்ளதைச் சொல்லிவிடுங்கள். ஆகிவிட்டதாகச் சொல்லிவைத்தால், அந்தப் பொய்யைக் காப்பாற்றும் சுமையும் பிள்ளையின் தலையிலேயே ஏறும்.

சில அறிகுறிகளை மட்டும் கவனியுங்கள். ஞாயிறு மாலையானால் பேச்சு நின்றுபோவது, போன் அடித்தாலே திடுக்கிடுவது, வாரக்கணக்கில் தூக்கமில்லாமல் இருப்பது, சாப்பாடு வெறுப்பது, குடிப்பழக்கம் ஆரம்பிப்பது, 'நான் எதுக்கும் லாயக்கில்லை' என்று அடிக்கடி சொல்வது. இதெல்லாம் சோம்பேறித்தனம் இல்லை. மத்திய அரசின் டெலி மனஸ் இலவச எண் 14416. 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம். தமிழ்நாட்டில் 104-ஐயும் அழைக்கலாம். தயக்கமாக இருந்தால், முதல் அழைப்பை அவருக்குப் பதில் நீங்களே போடுங்கள்.

ஆர்டரை எடுத்து ஒருமுறை படியுங்கள்

பலரும் சம்பள வரியைத் தவிர மற்றதைப் படிப்பதில்லை. புரொபேஷன் எத்தனை மாதம், நீட்டிக்க முடியுமா, எத்தனை மாதம் வரை, இடையில் விலகினால் எத்தனை நாள் நோட்டீஸ், பயிற்சிச் செலவைத் திருப்பிக் கேட்பார்களா - இந்த ஐந்துக்கும் அதில் பதில் இருக்கும். அசல் சான்றிதழ்களை யாரிடமும் ஒப்படைக்காதீர்கள். பார்த்துவிட்டுத் திருப்பித் தரட்டும்.

மருந்து விற்பனைப் பிரதிநிதிகளுக்கு நியமனக் கடிதம் கட்டாயம் என்று 1976-லேயே தனிச் சட்டம் வந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களில் அது இணைந்துவிட்டது. இப்போது எல்லா ஊழியர்களுக்குமே நியமனக் கடிதம் தர வேண்டும். விற்பனைப் பிரதிநிதிகளைத் 'தொழிலாளர்' என்ற வரையறைக்குள்ளும் புதிய தொழிலுறவுச் சட்டம் சேர்த்திருக்கிறது. பி.எஃப் சட்டம் பொருந்தும் நிறுவனத்தில், புரொபேஷன் என்பதைக் காரணம் காட்டி உங்களுக்கு மட்டும் பி.எஃப் இல்லை என்று சொல்ல முடியாது.

ஆறு மாதம் முடிந்த மறுநாளே தானாக நிரந்தரமாகிவிட்டோம் என்று நினைப்பது பரவலான தவறு. ஆர்டரில் அப்படி எழுதியிருந்தால் ஒழிய, பொதுவாகத் தேதி கடப்பதால் மட்டும் கன்ஃபர்மேஷன் ஆவதில்லை. கடிதம் வர வேண்டும். வரவில்லை என்றால் மேனேஜருக்கும் ஹெச்.ஆருக்கும் மெயில் போட்டுக் கேளுங்கள். 'மூணு மாசம் நீட்டிச்சிருக்கோம்' என்றால், எதில் குறை என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். குழப்பமாக இருந்தால் ஊரில் இருக்கும் ரெப்புகள் சங்கத்தில் விசாரிக்கலாம். அகில இந்திய அளவில் எஃப்.எம்.ஆர்.ஏ.ஐ என்ற கூட்டமைப்பு 1963-லிருந்து இயங்குகிறது. தமிழ்நாட்டிலும் சங்கம் உண்டு. பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் கூடும் சீனியர் ரெப்புகளிடம் கேட்டாலே வழி காட்டிவிடுவார்கள்.

எல்லாம் செய்தும் சிலருக்கு இந்த வேலை ஒட்டாமல் போகலாம். மனிதர்களிடம் வலியப் போய்ப் பேசுவது சிலரின் இயல்பிலேயே இருக்காது. மருந்து நிறுவனங்களிலேயே தரக் கட்டுப்பாடு, டேட்டா, மருந்துப் பாதுகாப்புக் கண்காணிப்பு என மேஜை வேலைகள் இருக்கின்றன. விலகுவது என்று முடிவெடுத்தால், போனை ஆஃப் செய்துவிட்டுக் காணாமல் போகாதீர்கள். ராஜினாமாவை மெயிலில் அனுப்பி, நோட்டீஸ் நாள்களை முடித்துக்கொடுங்கள். பை, டேப், மீதி சாம்பிள், ஐடி கார்டு எல்லாவற்றையும் ஒப்படைத்து, ஒப்புகையில் கையெழுத்து வாங்குங்கள். ஸ்டாக்கிஸ்ட் கணக்கில் உங்கள் பெயரில் பாக்கி எதுவும் இல்லை என்று அவரிடம் ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்வது ரொம்ப முக்கியம். பிற்பாடு வரும் சண்டைகளில் முக்கால்வாசி அங்கிருந்துதான் வருகின்றன. விலகியவருக்கோ விலக்கப்பட்டவருக்கோ சம்பளப் பாக்கியை இரண்டு வேலைநாளுக்குள் தர வேண்டும் என்கிறது புதிய ஊதியச் சட்டம். எக்ஸ்பென்ஸ் பணத்துக்குத் தனியாக மெயில் போடுங்கள். ரிலீவிங் லெட்டரும் பி.எஃப்-பின் யு.ஏ.என் எண்ணும் கையில் வந்த பிறகு, மேனேஜருக்கு ஒரு போன் போட்டு நன்றி சொல்லிவிடுங்கள். அடுத்த கம்பெனி விசாரிக்க அழைக்கப்போவது அவரைத்தான்.